யோகம் என்று நாங்கள் நம்பிய குறட்டை

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடமாகத் தயங்கினேன். வருடத்துக்கு ஒரு முறை எழுதினேன். நான்கு முறையும் கிழித்துப் போட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்து வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. எழுதினால் முருகன் கோபித்துக்கொள்வானோ என்று ஒரு பயம். மாம்பலத்தில் என்னைத் தெரிந்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பது அதைவிடப் பெரிய பயம்.

தியாகராய நகரில் எங்கள் ஜவுளிக் கடையின் மாடியில் வெள்ளிக்கிழமை பஜனை நடத்தும் சபை, ஒவ்வொரு பங்குனியிலும் என் அண்ணனுக்குக் குருபூஜை செய்கிறது. அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்த நானும் அப்படித்தான். குருபூஜைக்கு ஒரு மலர் அச்சடிப்பார்கள். ‘லண்டன் சுப்பையா அவர்களுக்கு, நீங்கள் அண்ணாச்சியோடேயே இருந்தவர், இரண்டு பக்கமாவது எழுதித் தர வேண்டும்’ என்று தவறாமல் கடிதம் வரும். உடம்பு சரியில்லை என்று நானும் தவறாமல் பதில் போடுவேன்.

இந்த வருடக் கடிதத்தின் கடைசியில் ஒரு செய்தி கூடுதலாக இருந்தது. ‘அண்ணாச்சியின் மகன் சரவணனுக்கும் அப்பாவின் அருள் இறங்கிவிட்டது. தியானத்தில் மூச்சு அப்படியே ஒடுங்கி நிற்கிறது. இந்தக் குருபூஜை அன்று அவரை அண்ணாச்சி தியானத்துக்கு உட்கார்ந்த பலகையில் உட்கார வைக்கிறோம்.’

கிழக்கு லண்டனில் என் வீட்டு வாசலில் நின்று அதைப் படித்தேன். காலை எட்டு மணி. இரவெல்லாம் மாட்டியிருந்த முகமூடியின் தடம் மூக்கின் இரண்டு பக்கமும் இன்னும் போகவில்லை. உள்ளே போய் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். இது ஐந்தாவது முறை. இதைக் கிழிக்க மாட்டேன்.

2

எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அறுபதுகளின் கடைசியில் அண்ணாச்சி மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் கடை போட்டார். கீழே கடை. மாடியில் முன்பக்கம் சரக்கு, பின்பக்கம் குடித்தனம், நடுவே ஒரு கூடம். அண்ணாச்சி, மதினி, கைக்குழந்தையாகச் சரவணன், பிறகு நானும் என் மனைவியும். நான் அண்ணாச்சிக்குப் பதினொரு வயது இளையவன். துணி கிழிப்பதும் பண்டல் பிரிப்பதும் என் வேலை.

அண்ணாச்சிக்குக் கனத்த உடம்பு. கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அளவுக் கோலைக் கையில் பிடித்தபடியே தூங்கிவிடுவார். வாடிக்கையாய் வரும் ஓர் அம்மாள் அவரை விடமாட்டாள்.

“இன்னா அண்ணாச்சி, ரெண்டு கெஜம் அளக்கறதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுட்டே?”

“தூங்கல தாயி. கண்ணு அசந்துச்சு.”

“கண்ணு அசந்ததுக்கா இந்த சத்தம்? நான் ரயிலு வந்துருச்சுன்னு இல்ல திரும்பிப் பாத்தேன்.”

அண்ணாச்சி சிரித்துவிட்டு ஒரு சாண் துணி கூடுதலாகக் கிழிப்பார். அவர் தூங்கினால் லாபம் என்று தெருவில் பேச்சு.

தூக்கம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. விடியுமுன் எழுந்து குளித்துத் திருநீறு பூசி, கிருத்திகைக்கு ஒருவேளை விரதம் இருந்து, பகல் பூராவும் கடையில் நிற்கிற மனுஷன். அசதி இருக்காதா என்று நினைத்தோம். ஒன்பது மணிக்கே படுத்து விடியும்வரை தூங்குகிற ஆளுக்கு இந்த அசதி எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மதினி யோசித்திருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கடையைப் பாதி சாத்திவிட்டு மாடிக் கூடத்தில் பஜனை. இருபது இருபத்தைந்து பேர் வருவார்கள். பாடி முடித்ததும் விளக்கைச் சின்னதாக்கிவிட்டுப் பத்து நிமிடம் எல்லாரும் மௌனமாக உட்காருவோம்.

எனக்குக் கல்யாணமான வருடம் அது. மாமனார் வீட்டில் கைக்கடிகாரம் போட்டிருந்தார்கள். நொடி முள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆடிக் கிருத்திகை அன்று மௌனத்தில் எனக்கு மனம் நிற்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அண்ணாச்சி பலகையில் உட்கார்ந்து தூணில் சாய்ந்திருந்தார். அவர் மூச்சுச் சத்தம் புஸ் புஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. நெஞ்சு அசையவில்லை. முப்பத்தெட்டு நொடி. பிறகு கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓர் இரைச்சலோடு மூச்சை இழுத்தார். கண் திறந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை, குழந்தை முகம் மாதிரி இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அபிராமபுரத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெரியவர் ஒருவர் உண்டு, தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாலு சாஸ்திரம் கேட்டவர் என்று நம்பி, பார்த்ததை அவரிடம் போய்ச் சொன்னேன். அடுத்த வெள்ளி அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தானே பார்த்தார்.

“சுப்பையா, இது சாமானியம் இல்லடா. கும்பகம்னு பேர். மூச்சை உள்ளேயே நிறுத்தறது. பெரிய பெரிய யோகிகள் ஆயுசு பூரா சாதனை பண்ணிண்டு வர்றா. உங்கண்ணா ஜவுளி வித்துண்டே அடைஞ்சுட்டார். ஆத்துல யாரும் அவரைத் தொந்தரவு பண்ணப்படாது, ஆமா.”

வார்த்தை அவர் கொடுத்தது. ஆனால் பார்த்தவனும் எண்ணியவனும் போய்ச் சொன்னவனும் நான்தான். அதன் பிறகு வெள்ளிதோறும் விளக்கைச் சின்னதாக்கியதும் நான் அண்ணாச்சி பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பேன். மூச்சு திரும்பியதும் எண்ணைச் சொல்வேன். முப்பத்தாறு. நாற்பத்திரண்டு. கூடத்தில் கைகள் குவியும். இருபது பேர் அறுபது பேரானார்கள், மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். கடைக்குத் துணி எடுக்க வந்தவர்கள் அண்ணாச்சி காலைத் தொட்டார்கள். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அதைச் சத்தியமாகச் சொல்வேன். நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம்.

நம்பாத ஒருவர் அண்ணாச்சிதான்.

“லே சுப்பையா, எனக்கு ஒண்ணுமே தெரியலையேலே. கண்ணை மூடுறேன், முழிக்கிறேன். நடுவுல முருகன் வந்தானா போனானான்னு எனக்கே தெரியலையே.”

“அதுதான் அண்ணாச்சி நிஷ்டைங்கிறது.”

“காலைல எந்திரிச்சா மண்டை பொளக்குது. நாக்கு காஞ்சு கெடக்கு. அருள் வந்தா தலை வலிக்குமாலே?”

“தவம்னா சும்மாவா?” என்றேன். இருபத்தைந்து வயதில் நான் என்ன கண்டேன். ஆனாலும் சொன்னேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

4

லண்டனுக்கு நான் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. என் மனைவியின் அண்ணன் இங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். அவர் கூப்பிட்டார், வந்தேன். அரிசி மூட்டை இறக்கி, பிறகு வேன் ஓட்டி, பிறகு கடையே என்னிடம் வந்தது. மகனுக்கும் மகளுக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதை அவர்களால் படிக்க முடியாது என்பதும் எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம்.

நான்கு வருடத்துக்கு முன் சிவப்பு விளக்கில் வேனை நிறுத்தினேன். பச்சை விழுந்து மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது. பின்னால் வந்தவர் இறங்கிவந்து கண்ணாடியைத் தட்டினார். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் மகள் மீனா டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டாள்.

டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். எட்டுக் கேள்வி. படிக்கும்போது தூங்கிவிடுவீர்களா, டிவி பார்க்கும்போது, வண்டியில் போகும்போது, இப்படி ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை போட வேண்டும். மீனா வாசித்துச் சொன்னாள்.

“மத்தியானம் சாப்பிட்டதும், டிரிங்க்ஸ் எதுவும் எடுக்காம, சும்மா உக்காந்திருக்கும்போது?”

“எனக்கு அந்தப் பழக்கமே கிடையாதுன்னு எழுதும்மா.”

“கேள்வி அது இல்லப்பா. தூங்குவீங்களா மாட்டீங்களா?”

“அதுக்கு ஒண்ணு போடு. இதையும் ஓரத்துல எழுது.”

எழுதினாள். “கோயில் பஜனை இந்த லிஸ்ட்ல இல்ல. இருந்தா உங்களுக்கு மூணு. எவ்ரி வீக் தூங்குறீங்க, அம்மா இடிச்சு எழுப்புறாங்க, நான் பாத்திருக்கேன்.”

அப்புறம் கடிதங்கள். டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எழுதினார்; ஆஸ்பத்திரி எனக்கு எழுதியது; நான் போக வேண்டிய நாளை மாற்றி இன்னொன்று எழுதியது. தூக்க நோய் என்றால் வண்டி லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்துக்கு நாமே தெரிவிக்க வேண்டுமாம். அவர்கள் அனுப்பிய படிவத்தை நிரப்பி முடிக்க மீனாவுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது. வைத்தியம் பிடித்துக் குணம் தெரியும்வரை ஓட்டக் கூடாது என்றார்கள். வேன் சாவியை மகன் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான். கேட்டு எடுக்கவில்லை.

பரிசோதனை வீட்டிலேயேதான். ஒரு பெட்டி கொடுத்தார்கள். நெஞ்சில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை, மூக்கில் சின்னக் குழாய், விரலில் ஒரு கவ்வி. கட்டிக்கொண்டு படுத்து, காலையில் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து நர்ஸ் அம்மா கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மூச்சு அலை அலையாக ஓடுகிறது. பிறகு வெறும் கோடு. பிறகு ஒரு பெரிய அலை. மறுபடி வெறும் கோடு. இரவு பூராவும் அப்படியே.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தக் கோட்டைக் காட்டி எத்தனை நொடி என்று கேட்டேன்.

நாற்பத்தொன்று என்றார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து அந்த அம்மா போன் போட்டு ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். யாழ்ப்பாணத்துப் பெண் குரல்.

“ஐயா, நித்திரையிலே உங்கட தொண்டை அடைபட்டு மூச்சு நிண்டு நிண்டு போகுது எண்டு சொல்லினம். இது ஒரு வருத்தம், நோய்தான், ஆனா பயப்பட வேண்டாமாம், சுகமாக்கலாமாம். விளங்குதோ?”

“விளங்குதும்மா. இதை நான் முன்னாலேயே பார்த்திருக்கேன்.”

“அப்ப ஏன் ஐயா இவ்வளவு காலம் காட்டேல்லை?”

நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

5

மதினி என் அண்ணனோடு பதினான்கு வருடம் குடித்தனம் செய்தவள். கும்பகம் என்று கூடம் கைகூப்பியபோது அவள் மட்டும் சமையலறை வாசலில் கைகட்டி நிற்பாள். ஒருநாள் என்னிடமே கேட்டாள்.

“தம்பி, வெள்ளிக்கிழமை பத்து நிமிசந்தான் நீங்க பாக்கீங்க. நான் தினம் ராப்பூரா பாக்கேன். பூசையில்லை, திருநீறு இல்லை, மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு மல்லாந்தாலும் இதே கும்பகந்தான் வருது. ரசஞ்சோத்துக்கும் முருகன் எறங்குவானாக்கும்?”

நான் கோபப்பட்டேன். தெய்வ காரியத்தில் பெண்கள் இப்படிப் பேசக் கூடாது என்றேன்.

“மூச்சு நின்னா டாக்டரைக் கூப்பிடுவாக. நீங்க ஆர்மோனியத்தைக் கூப்பிடுதீக” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மதினி பக்கம் பேசியவர் ஒரே ஒருவர், கன்னியப்பன். சிந்தாதிரிப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து ரிக்‌ஷா மிதித்து வருவார். ஸ்டேஷனிலிருந்து பண்டல் கொண்டுவருவது அவர்தான். ஒரு வெள்ளி பண்டலோடு மாடியேறியவர் விளக்கு வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கீழே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா நைனா இது? மொதலாளி மூச்சு வுடாம கீறாரு, நீ வாட்ச்ச பாத்துக்கினு நிக்கறே. அந்த ஆளுக்கு சூடம் வேற காட்றீங்கோ. எங்கப்பாரு இப்பிடித்தான் கொறட்ட வுட்டுக்கினே போய்ட்டாரு. வண்டி ரெடியா கீது, இட்டுக்கினு போலாம் வா.”

நான் போகவில்லை. மதினி போனாள். மறுநாள் காலை கன்னியப்பன் வண்டியில் அண்ணாச்சியை உட்கார வைத்து மயிலாப்பூரில் மூக்கு தொண்டை பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் நல்ல டாக்டர். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறது, எடை குறைய வேண்டும், மல்லாந்து படுக்கவே கூடாது என்றாராம். வெளிநாட்டில் இதற்குக் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கிறார்கள் என்று கேள்வி, நமக்கு அது வேண்டாம், பக்கவாட்டில் படுக்கப் பழக்குங்கள், அதிலேயே பாதி குறையும் என்று அனுப்பினாராம்.

தூங்குகிற மனுஷனைப் பக்கவாட்டில் எப்படி வைத்திருப்பது? மதினி கடையில் மிஞ்சிய வெட்டுத் துணிகளை இறுக்கிச் சுற்றி ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு பந்து செய்தாள். அண்ணாச்சியின் பனியன் முதுகில் நடுவாக வைத்துத் தைத்தாள். மூன்று பனியன், மூன்று பந்து. மல்லாந்தால் முதுகில் குத்தும், தானாகப் புரண்டுவிடுவார்.

பத்தே நாளில் குணம் தெரிந்தது. குறட்டை பாதியானது. காலையில் தலைவலி இல்லை. கடையில் அளவுக் கோலோடு தூங்குவது நின்றுபோனது. “லே, எனக்குப் பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்குலே” என்றார்.

வெள்ளிக்கிழமை பலகையில் உட்கார்ந்தார். பத்து நிமிடமும் விழித்தே இருந்தார். மூச்சு சீராகப் போய்வந்தது. நான் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. படிக்கட்டில் உட்கார்ந்தவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். அருள் விலகிவிட்டது, வீட்டில் ஏதோ தோஷம் என்று பேச்சு வந்தது. சமையலறைப் பக்கம் ஜாடையாகப் பார்த்தார்கள்.

6

பங்குனி உத்திரம் வந்தது. இருநூறு பேருக்குச் சாப்பாடு என்று ஏற்பாடு. சாயங்காலம் தியானம். எங்கெங்கிருந்தோ பார்க்க வருகிறார்கள் என்று பெரியவர் சொன்னார்.

உத்திரத்துக்கு எட்டு நாள் முன்னால் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மூன்று பனியன்களின் தையலையும் நான் கடைக் கத்திரியால் பிரித்தேன்.

நான்கு முறையும் இந்த இடத்தில்தான் கிழித்தேன்.

அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். “பந்து இல்லாம படுத்தா மறுபடி மண்டை வலிக்குமேலே” என்றார்.

“எட்டு நாள் அண்ணாச்சி. உத்திரம் முடிஞ்சதும் மதினி தைச்சுத் தருவாங்க. ஊரே வருது.”

கொஞ்சம் யோசித்தார். “சரிலே. வர்றவங்க ஏமாந்து போகக் கூடாது.”

மதினியிடம், துவைத்ததில் பிய்ந்துபோய்விட்டது என்றேன். இருநூறு இலைக்குச் சாமான் பார்த்துக்கொண்டிருந்தவள், உத்திரம் கழியட்டும், தைக்கிறேன் என்றாள்.

உத்திரத்தன்று மத்தியானம் பந்தி முடிந்தது. சாயங்காலத்துக்கு முன் சற்றுப் படுக்கிறேன் என்று அண்ணாச்சி முன்பக்கம் சரக்கு அறைக்குள் போனார். நான் வாசலில் உட்கார்ந்துகொண்டேன். குறட்டை பழையபடி பலமாகக் கேட்டது. நடுநடுவே நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அருள் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒருமுறை நின்றது, நின்றதுதான். எட்டிப் பார்த்தேன். மல்லாந்து அமைதியாகப் படுத்திருந்தார். கதவை மெதுவாகச் சாத்தினேன்.

மதினி மோர் கொண்டுவந்தாள். “மதினி, உள்ளே நிஷ்டையில இருக்காங்க. இப்ப எழுப்பக் கூடாது” என்று கையை நீட்டி மறித்தேன்.

“எவ்வளவு நேரமா?”

“கொஞ்ச நேரமா.”

என் கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். நெற்றியைத் தொட்டாள். பிறகு காலைத் தொட்டாள். காலருகிலேயே உட்கார்ந்துவிட்டாள். மோர்ச் செம்பு கையிலேயே இருந்தது.

இருதயம் நின்றுவிட்டது என்று வந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார். யோக நித்திரையிலேயே முருகனடி சேர்ந்தார் என்று சபை சொன்னது. பந்து இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இங்கே நான் கேட்ட டாக்டரும், இத்தனை காலம் கழித்து அதை யாராலும் சொல்ல முடியாது என்றார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மருந்து போல ஒன்று கையில் கிடைத்தது, அதை நான் பிரித்தேன், கதவைத் திறக்க வந்தவளை மறித்தேன்.

7

எனக்குக் கொடுத்த வைத்தியம் ஒரு சின்ன இயந்திரம். கட்டிலருகே இருக்கும். குழாய் வழியாகக் காற்றை அனுப்பும், மூக்கில் முகமூடி. காற்றின் அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் வைத்திருக்கும். முதல் இரண்டு இரவு மாட்டுக்கு வாய்க்கூடை கட்டியது போல இருந்தது, பிடுங்கிப் போட்டேன். பேரன் பார்த்துவிட்டு யானை தாத்தா என்றான். மூன்றாம் இரவு, விநாயகர் என்று நினைத்துக்கொள்வோம் என்று மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை தலை வலிக்கவில்லை. எத்தனையோ வருடமாகத் தலைவலியோடு எழுந்தவன். அது இல்லாதபோதுதான் அத்தனை நாள் இருந்தது தெரிந்தது. குளித்து, திருநீறு பூசி, சாமி முன் உட்கார்ந்து பாடினேன். கடைசி வரி வரை பாடினேன். நடுவில் எங்கும் தலை தொங்கவில்லை. பாட்டு முடிந்ததும் கண்ணை மூடிச் சும்மா இருந்தேன். மூச்சு வந்தது, போனது. முருகன் கொடுத்த மூச்சு நிற்பதில் அவனுக்கு என்ன பெருமை, ஓடுவதுதானே அவன் அருள் என்று எனக்குத் தோன்றியது. நான் படித்தவன் இல்லை. தோன்றியதைச் சொல்கிறேன்.

சபையிலிருந்து கடிதம் வந்த அன்று மதினிக்குப் போன் செய்தேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது. காது நன்றாகக் கேட்கிறது.

“மதினி, ஒண்ணு சொல்லணும். அந்தப் பந்துக தானாப் பிய்யலை. நான்தான் பிரிச்சேன்.”

“தெரியும் தம்பி.”

“எப்படி மதினி?”

“தொவைச்சுப் பிஞ்ச நூலு நைஞ்சு வரும். அது கத்திரி பட்ட நூலு. மூணு பனியனும் ஒரே நாள்ல பிய்யுமாக்கும்?”

“ஏன் மதினி கேக்கலை?”

“உத்திரத்துக்கு முந்தி கேக்க நேரமில்லை. பொறவு கேட்டு என்ன செய்ய? நீங்களும் பதினாறு நாள் சோறு தண்ணி இல்லாமக் கெடந்தீக. உங்க பொண்டாட்டி வாயும் வயிறுமா நின்னா. விட்டுட்டேன்.” அப்புறம் அவளே தொடர்ந்தாள். “எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. சரவணன்கிட்ட சொல்லுங்க. அவன் பொண்டாட்டி ராவெல்லாம் முழிச்சுக் கெடக்கா, நான் கெடந்த மாதிரி. போன மாசம் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் உஸ்மான் ரோட்டுல சுவத்துல முட்டிட்டான். கண்ணு அசந்துட்டுன்னான். டாக்டர்கிட்டப் போன்னா, ‘நீ அப்பாவையே நம்பலை, என்னையா நம்புவே’ங்கான். கும்பகம்னு சொன்ன வாயி சொன்னாத்தான் கேப்பான்.”

சரவணனிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டான்.

“சித்தப்பா, நீங்க அங்க மெஷினை மாட்டிக்கோங்க, வேண்டாங்கல. எங்கப்பாவை ஏன் நோயாளி ஆக்குறீங்க?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன், கத்திரி உட்பட.

“இதை எங்கிட்ட மட்டும் போன்ல சொன்னா நான் எப்படி சித்தப்பா எறங்கி வர்றது? இத்தனை பேர் கையெடுத்துக் கும்பிடுறாங்க. பயந்துட்டான்னு சொல்லுவாங்க.”

“என்ன செய்யணும்ங்கிறே?”

“மலர்ல எழுதுங்க. குருபூஜை அன்னைக்குச் சபையில வாசிக்கட்டும். அதுக்கப்புறமும் உட்காருன்னா உட்காருறேன். வேண்டாம்னா மறுநாளே டெஸ்டுக்குப் போறேன்.”

அதனால்தான் இந்த முறை கிழிக்காமல் எழுதி முடித்தேன்.

சபையாருக்கு ஒரு விண்ணப்பம். அண்ணாச்சி பெரியவர் இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு சாண் துணி கூடக் கிழித்துக் கொடுத்தவர், வருகிறவர்கள் ஏமாறக் கூடாது என்று தன் தலைவலியைத் திரும்ப வாங்கிக்கொண்டவர். அவருக்குக் குருபூஜை செய்யுங்கள், நானும் இங்கிருந்து கும்பிடுகிறேன். ஆனால் நோய் என்று நான் எழுதிய இடத்தில் யோகம் என்று திருத்த வேண்டாம். என் பெயரை எடுத்துவிட்டு ‘ஒரு அடியார்’ என்று போட வேண்டாம். மதினி பேசியதை அடக்கமாக மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டிலும் இப்படிக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறவர் இருந்தால், அவருக்கும் கேட்கிறவர்களுக்கும் இதை இதே சொற்களில் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

குருபூஜையில் வரவேற்பு, பஜனை, மலர் வெளியீடு என்று ஒரு வரிசை வைத்திருப்பீர்கள். அதில் இதைக் கடைசியில் போட்டுவிட வேண்டாம். சரவணன் அந்தப் பலகையில் உட்காருவதற்கு முன்னால் வாசித்துவிடுங்கள்.